நின்ற லாரியில் இருந்து விழுந்தாலும் உயிர் போகும்: டிரைவர்களும் ஓனர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

நாமக்கல்லில் லோடு ஏற்றிய ஒரு லாரி, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று வடக்கே போகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். வண்டி எங்கேயும் மோதிடக் கூடாது, டிரைவர் தூங்கிடக் கூடாது.

அந்தக் கவலை நியாயமானதுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. அதில் 1,68,491 பேர் இறந்தார்கள்.

ஆனால் டிரைவருக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. வண்டி நிற்கும்போது வரும் ஆபத்து. கேபினில் இருந்து இறங்கும்போது படியில் கால் வழுக்குகிறது. தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுகிறார். கோடையில் கேபின் மேல் படுத்துத் தூங்கியவர் புரண்டு கீழே விழுகிறார். குடோனுக்குள் நடக்கும் இதை யாரும் சாலை விபத்து என்று பதிவு செய்வதில்லை. பல நேரம் வெளியிலேயே தெரிவதில்லை. ஆனால் இடுப்பு உடைந்து ஆறு மாசம் படுத்துவிட்டால், அந்த வீட்டின் வருமானம் அன்றோடு நின்றுவிடும்.

இந்த விபத்துகள் ஏன் நடக்கின்றன? எப்படித் தடுப்பது? விழுந்துவிட்டால் என்ன செய்வது? நஷ்ட ஈடு கிடைக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாலு அடி உயரம்தானே... விழுந்தால் என்ன ஆகிவிடும்?

பலரும் நினைப்பது இதுதான். கணக்கைப் பாருங்க.

லாரியின் தளம் தரையில் இருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஒருவர் விழுந்தால், தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் அரை நொடி.

லோடு ஏற்றி முடித்த லாரியின் உச்சி சுமார் 12 அடி இருக்கும். அங்கிருந்து விழுந்தால் வேகம் மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர். கீழே வந்து சேர ஒரு நொடிகூட ஆகாது. கையை ஊன்றவோ, எதையாவது பிடிக்கவோ, உடம்பைத் திருப்பவோ நேரமே கிடையாது.

உயரத்தைவிட, எந்த இடம் முதலில் தரையில் படுகிறது என்பதுதான் முக்கியம். நாலு அடியில் இருந்து விழுந்தாலும் பின்மண்டை சிமெண்ட் தரையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

குதிக்கும் பழக்கமும் இதே மாதிரிதான். கேபினில் இருந்து படியைப் பயன்படுத்தாமல் 'டப்'பென்று குதிக்கும் டிரைவர்களை எல்லா தாபாவிலும் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், லாரியில் இருந்து இறங்கும் விதங்களைக் கருவி வைத்து அளந்தார்கள். குதிக்கும்போது உடல் எடையைப் போல 12 மடங்கு வரை விசை காலில் இறங்கியது. படியையும் கைப்பிடியையும் முழுசாகப் பயன்படுத்தி இறங்கியபோது அது 2 மடங்குக்கும் குறைவாக இருந்தது.

அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவர் குதித்தால், 800 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தை அவருடைய கணுக்காலும் முட்டியும் முதுகும் ஒரு கணம் தாங்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, வருஷக்கணக்கில் இப்படிக் குதித்தால் முட்டி என்ன ஆகும்?

எங்கெல்லாம் விழுகிறார்கள்?

ஒரு டிரிப்பில் டிரைவரோ கிளீனரோ விழக்கூடிய இடங்கள் இவை:

* கேபின் படி: மழை, சேறு, டீசல், கிரீஸ் பட்டு வழுக்கும். இருட்டில் படி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.
* லோடின் உச்சி: தார்ப்பாய் விரிக்கும்போதும் கயிறு கட்டும்போதும். மூட்டை சரிந்தால் காலும் சேர்ந்து சரியும்.
* டேங்கர், பல்க்கர் மேல்: மூடியைத் திறக்க, அளவு பார்க்க ஏறும் இடம். உருண்டையான பரப்பு, பிடிக்க எதுவும் இருக்காது.
* பாடியின் பின்பக்கம்: சரக்கை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து வரும்போது தளம் முடிந்தது தெரியாமல் விழுவது.
* பம்பரும் டயரும்: முன் கண்ணாடி துடைக்க பம்பர் மேல் நிற்பது, லோடு எட்டிப் பார்க்க டயர் மேல் ஏறுவது.
* கேபின் உச்சி: புழுக்கத்துக்குப் பயந்து மேலே படுத்துத் தூங்குவது.

இதில் பெரும்பாலானவை ஸ்டியரிங் பிடிக்கும் வேலையே இல்லை. டிரைவிங் ஸ்கூலில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. பெரியவர்கள் எப்படிச் செய்தார்களோ அப்படியே பார்த்துப் பழகியதுதான்.

அனுபவம் உள்ள டிரைவர்களே ஏன் விழுகிறார்கள்?

இருபது வருஷமா ஏறி இறங்குறேன், எனக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். பிரச்னை அனுபவத்தில் இல்லை, அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலையில்தான் இருக்கிறது.

1. கால் மரத்துப்போவது: நாலைந்து மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் இடுப்பும் முட்டியும் விறைத்துவிடும். அந்தக் காலோடு சட்டென்று இறங்கினால், கால் எங்கே படுகிறது என்பதே சரியாகத் தெரியாது. வண்டியை நிறுத்திய முதல் நிமிஷம்தான் மோசமான நிமிஷம்.

2. தூக்கக் கலக்கம்: அசந்து தூங்கிக்கொண்டிருந்தவரை யாரோ கதவைத் தட்டி, வண்டியை எடு என்கிறார். கண் திறந்தாலும் மூளை முழுசாக விழிக்க 15 முதல் 30 நிமிஷம் வரை ஆகலாம். அந்தக் கலக்கத்திலேயே கதவைத் திறந்து காலைக் கீழே விடுகிறார்.

3. சர்க்கரை நோய்: கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறையும். படியின் விளிம்பில்தான் நிற்கிறோம் என்பது காலுக்குத் தெரியாது. பார்வையும் மங்கலாம். நேரத்துக்குச் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் தலைசுற்றலும் வரும்.

4. செருப்பு: ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஈரமான இரும்பில் கால் வைத்தால் பிடிமானமே இருக்காது. செருப்பு முன்னே போகும், கால் பின்னே நிற்கும்.

5. தனி ஆள்: முன்பு வண்டிக்கு ஒரு கிளீனர் கண்டிப்பாக இருப்பார். இப்போது பல வண்டிகளில் கிளீனர் கிடையாது. தேசிய பெர்மிட் வண்டிகளுக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்த விதியும் 2018ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. விளைவு, வண்டி ஓட்டுவதும் தார்ப்பாய் கட்டுவதும் ஒரே ஆள். விழுந்தால் தூக்கக்கூட ஆள் இல்லை.

6. அவசரம்: லேட்டானால் திட்டு, சீக்கிரம் போனால் அடுத்த லோடு. பேட்டா கணக்கு டிரிப்பைப் பொறுத்தது. இப்படி இருக்கும்போது, படியைத் துடைத்துவிட்டு ஏற யாருக்குப் பொறுமை இருக்கும்?

கேபினில் ஏறி இறங்க சரியான முறை எது?

உலகம் முழுக்கச் சொல்லித் தரப்படும் ஒரு எளிய விதி இருக்கிறது: மூன்று பிடி விதி.

இரண்டு கை, இரண்டு கால் என்று நமக்கு இருப்பது நாலு. ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் மூன்று எப்போதும் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கை, ஒரு கால். அல்லது இரண்டு கால், ஒரு கை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும். ஒன்று வழுக்கினாலும் மற்ற இரண்டும் உங்களைத் தாங்கும்.

இதைச் செய்ய சில விஷயங்கள் அவசியம்:

* முகம் வண்டியைப் பார்த்தே இருக்கட்டும். ஏணியில் இறங்குவது போல இறங்குங்க. வெளியே பார்த்தபடி, மாடிப்படி இறங்குவது போல இறங்க வேண்டாம்.
* கையில் எதுவும் வேண்டாம். போன், டிபன் பாக்ஸ், தண்ணீர் கேன், பில் எல்லாவற்றையும் சீட்டில் வைத்துவிட்டு இறங்குங்க. இறங்கிய பிறகு கீழே இருந்து எடுத்துக்கொள்ளலாம்.
* கைப்பிடியைப் பிடியுங்க. கதவையோ ஸ்டியரிங்கையோ நம்பித் தொங்க வேண்டாம். இரண்டுமே ஆடும்.
* கடைசிப் படி வரை கால் வையுங்க. கடைசிப் படியில் இருந்து குதிப்பதும் குதிப்பதுதான்.
* இறங்கும் முன் தரையைப் பாருங்க. பள்ளமா, கல்லா, சாக்கடையா? இரவில் போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்குங்க.

நீண்ட நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் உடனே கதவைத் திறக்க வேண்டாம். ஒரு நிமிஷம் உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்க, முட்டியை நீட்டி மடக்குங்க. காலில் உணர்வு வந்த பிறகு இறங்கலாம்.

தார்ப்பாய் கட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மிகவும் மோசமான காயங்கள் ஏற்படக்கூடிய வேலை இதுதான். உயரம் அதிகம், கால் நிற்பது ஆடும் மூட்டை மேல், கை இழுப்பது கயிறை. மூன்றும் சேர்ந்து வருகிறது.

முதல் கேள்வி: மேலே ஏறியே ஆக வேண்டுமா? கீழே நின்று செய்ய முடிந்ததைக் கீழேயே செய்யுங்க. மடித்த தார்ப்பாயை மேலே போட்ட பிறகு, அதன் ஓரத்தில் கட்டிய கயிறுகளை இரண்டு பக்கமும் கீழே இருந்து இழுத்தே பெரும்பகுதியை விரித்துவிடலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். லோடு ஏற்றும் இடத்திலேயே, லோடுமேன்கள் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. வெளியே வந்து தனியாகச் செய்ய வேண்டாம்.

மேலே ஏறியே ஆக வேண்டும் என்றால்:

* விளிம்புக்கு முதுகைக் காட்டி நின்று எதையும் இழுக்க வேண்டாம். கயிறு அறுந்தாலோ முடிச்சு அவிழ்ந்தாலோ உடம்பு பின்னால்தான் போகும்.
* பின்னால் நடக்கவே கூடாது. திரும்பி, பார்த்து நடக்கணும்.
* நடுவில் நில்லுங்க. ஓரத்தில் வேலை இருந்தால் முட்டி போட்டுச் செய்யுங்க.
* கயிறைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீங்க. லோடு சரிந்தால் கயிறு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.
* நைந்த கயிறை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு டிரிப் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். முடிந்தால் ரேட்செட் பெல்ட்டுக்கு மாறுங்க. அதைக் கீழே நின்றே இறுக்கலாம்.
* தலைக்கு மேலே பாருங்க. மின்கம்பிக்குக் கீழே வண்டியை நிறுத்தி மேலே ஏறவே கூடாது. ஷாக் அடித்தாலும் சாவு, பயந்து விழுந்தாலும் சாவு.
* மழையோ பலத்த காற்றோ இருந்தால் காத்திருங்க. விரித்த தார்ப்பாய் காற்றில் பாய்மரம் போல ஆளைத் தூக்கிவிடும்.

சேஃப்டி பெல்ட் போட்டால் போதாதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெல்ட்டை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உடம்பு முழுக்க மாட்டும் ஹார்னஸின் கயிறு வழக்கமாக சுமார் 6 அடி நீளம். அதை லோடு மேலேயே, காலடியில் ஒரு கயிற்றில் மாட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விழுந்தால் முதலில் அந்த 6 அடி போகும். அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி விரிந்து இன்னும் மூன்று அடிக்கு மேல் நீளும். அதற்குக் கீழே உங்கள் உடம்பின் நீளம் ஒரு 5 அடி. மொத்தம் 14 அடி. லாரியின் உயரமோ 12 அடி. பெல்ட் பிடிப்பதற்கு முன்பே தரை வந்துவிடும்!

அதனால்தான் பெல்ட்டைத் தலைக்கு மேலே இருக்கும் உறுதியான கம்பியிலோ குழாயிலோ மாட்ட வேண்டும். பெரிய சிமெண்ட் ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகள் போன்ற இடங்களில் இதற்கென்றே மேடையும் மேல்கம்பியும் அமைத்திருப்பார்கள். அப்படி இருக்கும் இடத்தில் சோம்பல் பார்க்காமல் பயன்படுத்துங்க. கயிற்றில் மாட்டிய பெல்ட்டை நம்பி தைரியமாக ஓரத்துக்குப் போவது, பெல்ட் இல்லாததைவிட ஆபத்து.

டேங்கர் டிரைவர்களுக்கும் இதே விதிதான். மேலே ஏறும் முன் கைப்பிடிக் கம்பியை நிமிர்த்திப் பூட்டுங்க. எண்ணெய் சிந்தியிருந்தால் துடைத்த பிறகே நடங்க. மூடியைத் திறந்ததும் முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம். ஆவி பட்டுத் தலைசுற்றினால் விழுவது 10 அடிக்கும் மேலே இருந்து.

மேலே ஆள் இருக்கும்போது வண்டி நகர்ந்தால்?

லோடுமேன் மேலே நிற்கிறார். கீழே ஒருவர் கொஞ்சம் முன்னாடி எடு என்கிறார். டிரைவர் கிளட்சை விடுகிறார். மேலே இருந்தவர் கீழே கிடக்கிறார்.

இதைத் தடுக்க ஒரே ஒரு பழக்கம் போதும்: சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது? வண்டி மேல் ஆள் ஏறும் முன் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். டிரைவரே மேலே ஏறினால் சாவி அவர் பாக்கெட்டில். லோடுமேன் ஏறினால் சாவி அவர் கையில். எல்லோரும் இறங்கிய பிறகுதான் சாவி திரும்ப வரும்.

லோடு இறக்கும்போது பின் டோரைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். வழியில் சரிந்த மூட்டை டோர் மேல் சாய்ந்திருக்கும். நேராக எதிரே நின்று கொக்கியைத் தட்டாதீங்க. பக்கவாட்டில் நின்று திறக்கணும்.

கேபின் மேல் படுத்துத் தூங்கலாமா?

கூடாது. ஆனால் கூடாது என்று மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை. ஏப்ரல், மே மாதத்தில் இன்ஜின் சூட்டோடு கேபினுக்குள் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஏன் மேலே ஏறுகிறார்கள் என்று.

லாரிக்கு அடியில் நிழலில் படுப்பது இன்னும் மோசம். ஆள் இருப்பது தெரியாமல் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

2025ஆம் ஆண்டில் இருந்து புதிதாகத் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் சாலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. அந்த வண்டிகளில் பேட்டரி ஃபேன், ஜன்னலுக்குக் கொசுவலை, கேபின் கூரைக்கு வெப்பம் தடுக்கும் ஷீட் ஆகிய மூன்றையும் ஓனர் போட்டுக்கொடுத்தாலே டிரைவர் உள்ளே படுப்பார். செலவு ஒரு டயர் விலையைவிடக் குறைவுதான்.

ஓனர்களும் பாடி கட்டுபவர்களும் என்ன செய்யலாம்?

டிரைவரைப் பார்த்துப் போ என்று சொல்வது மட்டும் பாதுகாப்பு இல்லை. வழுக்காத படி இருந்தால் பார்க்காமல் இறங்கினாலும் விழமாட்டார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும்போதே இவற்றைக் கேட்டு வாங்கலாம்:

* படிகளுக்கு மேடு பள்ளமான செக்கர்டு பிளேட்
* கதவின் இரண்டு பக்கமும், நின்றால் கை எட்டும் உயரத்தில் கைப்பிடி
* பாடியின் பின்னால் அல்லது பக்கத்தில் நிரந்தர ஏணி, ஏணியின் மேல் முனையில் பிடிக்கக் கம்பி
* படி தெரியும்படி ஒரு சின்ன எல்இடி லைட்
* தளத்தின் பின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பெயின்ட் கோடு
* கீழே நின்றே இழுத்து மூடும் வகையில் தார்ப்பாய் அமைப்பு

இதோடு டிரைவருக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி வழுக்காத ஷூ, ஒரு ஹெல்மெட், ஒரு ஹெட்லைட் டார்ச். தார்ப்பாய் கட்டும்போது ஹெல்மெட்டின் தாடை வாரை மாட்டியிருக்க வேண்டும். மாட்டாவிட்டால் விழும்போது ஆளுக்கு முன்பே ஹெல்மெட் கழன்று போய்விடும்.

இன்னொரு முக்கியமான விஷயம் வேலை நேரம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நீண்ட தூர வண்டிகளுக்கு அதிகபட்சம் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல், இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களைச் சேர்த்து உருவான தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனைக்கும் வழி இருக்கிறது. சர்க்கரை, கண், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்தாலே பாதி ஆபத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒருவர் விழுந்துவிட்டார். என்ன செய்ய வேண்டும்?

உடனே தூக்கி உட்கார வைக்காதீங்க. நம் ஊரில் முதலில் செய்யும் தப்பு இதுதான். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்திருக்கிறது, அசைக்க முடியவில்லை என்றால் அப்படியே படுக்க விடுங்க. தலையை இரண்டு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு 108-க்கு போன் செய்யுங்க. தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

* ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்க.
* தண்ணீர், சோடா எதுவும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.
* வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்புங்க.
* மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

காலை ஊன்றி விழுந்தவர் குதிகால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஆனால் அதே விசை முதுகெலும்பு வரை போயிருக்கும். எங்கே இருந்து விழுந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி முதுகையும் பார்க்கச் சொல்லுங்க.

தலையில் அடிபட்டு, ஒன்றும் இல்லை என்று எழுந்து வண்டி ஓட்டப் போகிறவரை விடாதீங்க. மூளைக்குள் ரத்தக் கசிவு மெதுவாகக் கூடலாம். அடுத்த 48 மணி நேரத்துக்குள் தலைவலி அதிகமாவது, திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சு குழறுவது, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், காது மூக்கில் ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வருவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கொஞ்ச நேரம் கேபினில் படு, சரியாயிடும் என்று தனியாக விட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து.

நஷ்ட ஈடு கிடைக்குமா?

கிடைக்கும். வண்டி ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது என்பதால் உரிமை போய்விடாது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயமா என்பதுதான் கேள்வி. லோடுக்குத் தார்ப்பாய் கட்டுவது வேலைதான்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த கணக்கு முறை, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. உயிரிழப்புக்கு மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம். அதை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், உயிரிழப்புக்கு 13,81,275 ரூபாய், நிரந்தர முழு ஊனத்துக்கு 16,57,530 ரூபாய் வரும். பகுதி ஊனத்துக்கு, வேலை செய்யும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்துத் தொகை. குடித்துவிட்டு விழுந்த காயம் என்று நிரூபணமானால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

கேட்க வேண்டிய கால வரம்பு சாதாரணமாக 2 ஆண்டு. மனு கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். ஆனால் கேஸ் நிற்பது முதல் நாள் ஆவணங்களில்தான்:

* ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்க. பாத்ரூமில் விழுந்தேன் என்று யாராவது சொல்லச் சொன்னால் சொல்லாதீங்க. விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில் எழுதப்படுவதுதான் பிறகு சாட்சி.
* டிரிப் ஷீட், லோடு பில், டோல்கேட் விவரங்களைப் பத்திரப்படுத்துங்க.
* வண்டியையும் விழுந்த இடத்தையும் போனில் போட்டோ எடுங்க. கூட இருந்தவர்களின் நம்பரை வாங்கி வையுங்க.
* ஓனருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் தெரிவியுங்க.

ஓனர்களும் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. டிரைவருக்கான பொறுப்பு சாதாரணமாக அதில் இருக்கும். கிளீனர், லோடுமேனுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறதா?

சொந்த வண்டியை ஓட்டுபவர்கள் கவனத்துக்கு: ஓனரே டிரைவராக இருந்தால் தொழிலாளர் இழப்பீடு பொருந்தாது. வண்டி இன்சூரன்ஸோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி ஓட்டும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் விபத்தில் உயிரிழப்புக்கும் கடுமையான ஊனத்துக்கும் பொருந்தும். ஆனால் லோடு மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது விழுந்தால் அதில் சிக்கல் வரலாம். அதனால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்திலும் சேருங்க. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு மூலம் வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழப்பு, முழு ஊனத்துக்கு 2 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்திலும் பதிவு செய்து, கார்டைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்க.

கிளம்பும் முன் 2 நிமிடம்: ஒரு சின்ன செக் லிஸ்ட்

1. படியும் கைப்பிடியும் துடைத்தாச்சா? ஆட்டம் இல்லையே?
2. காலில் பட்டை வைத்த செருப்பாவது, ஷூவாவது இருக்கா?
3. டார்ச்சில் சார்ஜ் இருக்கா?
4. கயிறு, பெல்ட், தார்ப்பாய் நைந்து போகலையே?
5. டயருக்குப் போட கட்டை வண்டியில் இருக்கா?
6. மாத்திரை, சாப்பாடு, தண்ணீர் எடுத்தாச்சா?
7. தார்ப்பாய் கட்டும்போது கூட ஒரு ஆள் இருக்கிறாரா?

இந்த ஏழில் கடைசிதான் ரொம்ப முக்கியம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ லாரி ஓட்டும் ஒருவர் இருந்தால், இன்று இரவு போனில் பேசும்போது பார்த்து ஓட்டுங்க என்று சொல்வதோடு இன்னொரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்க: பார்த்து இறங்குங்க.